ஒரு படி தவிடு, இரண்டு தள்ளுவண்டி

செவ்வாய்க்கிழமை காலையில் பிள்ளைகளின் தள்ளுவண்டிச் சக்கரங்களுக்கு எண்ணெய் விடுவது மரியபுஷ்பத்தின் வேலை. துரைசாணியின் தையல் மிஷின் எண்ணெய்தான். அச்சுக்கு மூன்று சொட்டு. நாலாவது சொட்டு விட்டால் சேலத்துப் புழுதி முழுக்க அங்கேயே குடியேறிவிடும் என்பது ஏழு வருஷத்தில் அவள் கற்றுக்கொண்டது. வண்டியில் உட்கார ஆள் இல்லாமல் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. துரையின் மூத்த பெண் மலைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். சின்னவன் நாலு வயதில் மாமரம் ஏறுகிறான். இருந்தாலும் செவ்வாய்க்கிழமை என்றால் எண்ணெய்.

துரை, வெள்ளைக்கல் சுரங்கத்து எஞ்சினீயர். அடுத்த மாதம் குடும்பத்தோடு சீமைக்குக் கப்பல் ஏறுகிறார். பங்களாவில் பாதிச் சாமான் ஏலத்துக்கென்று சீட்டு ஒட்டி நின்றது. தள்ளுவண்டிக்கும் சீட்டு வந்துவிடும் என்று நினைத்துத்தான் புஷ்பம் அன்றைக்கு நன்றாகத் துடைத்தாள்.

துரைசாணி வராந்தாவுக்கு வந்து நின்றாள். பத்து வருஷத்தில் பழகிய தமிழ் அவளுக்கு.

"ஆயா, வண்டி ரெண்டும் ஏலத்துக்கு இல்லே. ஒண்ணு உன் பாப்பாவுக்கு. எது வேணும், நீயே பார்த்து எடு."

புஷ்பம் எண்ணெய்க் குப்பியை மூடினாள். மூடியதைத் திரும்பத் திறந்து, திரும்ப மூடினாள். ஆயா தள்ளுகிற வண்டியில் ஆயாவின் பிள்ளை ஏறுவதை அவள் கேள்விப்பட்டதே இல்லை. தாய் தகப்பன் முகம் தெரியாமல் கன்னியர் மடத்தில் வளர்ந்தவள் அவள். பத்தொன்பது வயதில் ஆயா வேலைக்கு வந்தாள். அதற்கப்புறம் ஐந்து வெள்ளைக்காரப் பிள்ளைகள் அவள் கையில் வளர்ந்தார்கள். பங்களாச் சமையல்காரர் தோமினிக்கைக் கட்டிக்கொண்டு அவள் பெற்றது மூன்று. முதல் இரண்டும் பிறந்த வாரமே மண்ணுக்குப் போயின. மூன்றாவது, புஷ்பத்தின் முப்பத்தாறாவது வயதில் பிறந்தவள், நாலு மாதமாகப் பிழைத்துக் கிடக்கிறாள். பெயர் அன்னாள். அந்த நேரம் வேலைக்காரர் குடியிருப்பின் வாசலில், வேப்பங்கிளையில் கட்டிய தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வண்டிகளில் ஒன்று பெரியது. படகு மாதிரி உடம்பு, மடக்குகிற கூரை, தோல்வாரில் தொங்கும் தொட்டி, அடியில் வில். கல்லில் ஏறினாலும் உள்ளே இருக்கும் பிள்ளைக்குத் தெரியாது. நிறுத்துகிற கட்டை சங்கிலியில் தொங்கும். அதைச் சக்கரத்தில் மாட்டாமல் கையெடுக்கக் கூடாது. மற்றது ஏற்காட்டுக்குப் போனபோது வாங்கியது. இரும்புச் சட்டத்தில் கித்தான் இருக்கை. மடக்கினால் குடை மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொள்ளலாம். ஆனால் உட்காரத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அது. அன்னாளுக்கு இப்போதுதான் கழுத்து நிற்கிறது. இதில் வைத்தால் பக்கவாட்டில் சரிந்து தலை தொங்கிவிடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று புஷ்பத்துக்குத் தோன்றியது. வாசல்தான் ஒரே கேள்வி. குடியிருப்பின் கதவு குறுகல்.

"எனக்குக் கேட்டா சின்னது நல்லது," என்றாள் துரைசாணி. "மடக்கலாம். பஸ்ஸுலே போகும்."

"பஸ்ஸுல நாங்க எங்கம்மா போகப்போறோம்?"

"உன் பாப்பா. வேலூருக்குப் போகுதே, தோமினிக்கோட அண்ணன் வீட்டுக்கு. அங்கேயே இருக்கப் போகுதுன்னு தோமினிக் சொன்னான். எனக்கு வருத்தம்தான் ஆயா. ஆனா நீங்க ரெண்டு பேரும் நல்லா யோசிச்சுத்தான் முடிவு செஞ்சிருப்பீங்க."

உள்ளே மணியடித்தது. துரைசாணி போய்விட்டாள்.

புஷ்பம் சாய்த்து வைத்த வண்டியை நிமிர்த்தினாள். சங்கிலியில் தொங்கிய கட்டையைச் சக்கரத்தில் மாட்டினாள். கை தானாகச் செய்தது. காதுக்குள் மட்டும் ஓர் இரைச்சல், அடைமழையில் தகரக் கூரை இரைகிற மாதிரி. ரவிக்கை நனைவது தெரிந்தது. பால் கொடுக்கிற நேரம்கூட இல்லை அது.

பரமத்தி வேலூரில் தையல்கடை வைத்திருக்கும் சவரியார்தான் தோமினிக்கின் அண்ணன். அவர் மனைவி பெயரும் அன்னாள். கட்டி வந்து பதினாறு வருஷம், பிள்ளையில்லை. குழந்தைக்கு அவள்தான் ஞானத்தாய். அவள் பெயரையே வைத்தபோது புஷ்பத்துக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மனசு குளிர்ந்து போகட்டும், பாவம் என்று நினைத்தாள்.

தோட்டத்தில் செங்கோடன் ரோஜாப் பாத்தி கொத்திக்கொண்டிருந்தார். எடப்பாடிப் பக்கத்துக் குடியானவர், பங்களாவில் மாலி. வாய் ஓயாத ஆள். அவளைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றினார்.

"ஏனுங்க ஆயாம்மா, வண்டி உங்களுக்கேன்னு சொன்னாங்களாமா? நம்ம பக்கம் சக்கரம் வச்ச பொட்டிக்குள்ள ஆளை வச்சுத் தள்ளுனா, செவ்வாப்பேட்டைச் சந்தையில பிச்சைக்குன்னுதான் நெனைப்பாங்க. பாப்பாத் தலைமாட்டுல ஒரு தட்டு வச்சுடுங்க, சில்லறை சேரும்."

அவள் சிரிக்கவில்லை. "அண்ணே, எம்பிள்ளை வேலூருக்குப் போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

செங்கோடன் மண்வெட்டியின் காம்பைப் பார்த்தார். காம்பில் பார்க்க ஒன்றுமில்லை.

"அது உங்க ஊட்டு விசயமுங்க. நான் என்னத்தைச் சொல்றது."

"தெரியுமா, தெரியாதா?"

"ஞானஸ்நானத்தன்னைக்கு நானும் கோயில் வாசல் வரைக்கும் வந்தனுங்களே. பாப்பாவைத் தவிட்டுக்குக் குடுத்தாங்க. எங்க சனத்துலயும் உண்டுங்க. பொறந்து பொறந்து செத்துப்போற ஊட்டுல, அடுத்த பிள்ளையை ஒரு படி தவிட்டுக்கு வித்துப்போட்டு, எமங்காரன் வந்து கேட்டா எங்க பிள்ளையே இல்லீன்னு சொல்லிக்கலாம். எம் மச்சினன் பேரே தவிடன்தானுங்க, எருமை மாதிரி இருக்கான் இன்னைக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "வித்த மறுநிமிசமே தவிட்டைத் திருப்பிக் குடுத்து வாங்கிப்போடுவாங்க. உங்க ஊட்டுக்காரரு வாங்குலீங்க. அதுதான் எனக்கும் புரியலீங்க."

பிள்ளை பெற்ற எட்டாம் நாள் ஞானஸ்நானம். பெற்றவள் கோயிலுக்குப் போகக் கூடாது. அறையில் பாயில் கிடந்தாள். சாயங்காலம் தோமினிக் பிள்ளையைக் கொண்டுவந்து பக்கத்தில் கிடத்தினார். ஒரு மஞ்சள் பையை மூலையில் வைத்தார். பையில் தவிடு. ஒரு படி இருக்கும். அதற்கென்ன என்று அவள் கேட்கவில்லை. எழுந்து நடமாட ஆரம்பித்ததும் கஞ்சித் தண்ணீரில் பிசைந்து பங்களா ஆட்டுக்கு வைத்தாள். ஆடு இரண்டே நாளில் காலி செய்தது.

அந்த ஆடு இப்போதும் கொட்டகையோரம் கட்டிக் கிடந்தது. இவளைப் பார்த்ததும் எழுந்து நின்றது, ஏதாவது கொண்டுவந்திருப்பாள் என்று. புஷ்பம் அதைப் பார்த்தபடி நின்றாள். தன் பிள்ளையின் விலையைத் தன் கையாலேயே பிசைந்து இதற்கு வைத்திருக்கிறாள். ஊருக்குத் தெரியும், மாலிக்குத் தெரியும், சீமைக்குப் போகிறவளுக்குத் தெரியும். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

சமையல்கட்டில் தோமினிக் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. அதனால்தான் அவளுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"ஏனுங்க, ஞானஸ்நானத்தன்னைக்கு ஒரு படி தவிடு கொண்டாந்தீங்களே, அது ஏது?"

கத்தி நின்றது. "தவிடா? கோழிக்குன்னு…"

"நம்மகிட்டக் கோழி ஏதுங்க?"

தோமினிக் கிழங்கைத் தண்ணீரில் போட்டார். இன்னொன்றை எடுத்தார். அதைச் சீவவில்லை.

"சாங்கியத்துக்குத்தான் செஞ்சேன் புஷ்பம். ரெண்டைக் குழியில வச்சவன் நான். பெட்டியைத் தூக்கினது நான், நீ இல்லை. பயந்துட்டேன். சாமியாருக்குத் தெரிஞ்சா வைவாரு, உனக்குத் தெரிஞ்சா நீயும் பயப்படுவேன்னு சொல்லலை."

"சரி. திருப்பி வாங்கலீங்களா?"

"வாங்கத்தான் பையை நீட்டினேன். அண்ணி கை நீட்டலை. பிள்ளையை மாரோட அணைச்சுக்கிட்டுச் செவுத்தோரம் நகர்ந்துட்டாங்க. எல்லாரும் விளையாட்டுன்னு சிரிச்சாங்க. அவங்க சிரிக்கலை. அண்ணன் சொன்னாரு, 'பால்குடி மறக்கிற மட்டும் புஷ்பத்துக்கிட்ட இருக்கட்டும்டா'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை."

"ஒண்ணுமேவா?"

"கோயில் வாசல் புஷ்பம். நாலு பேர் நிக்கிறாங்க. அண்ணன் என்னைத் தூக்கி வளர்த்தவரு. பையை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

புஷ்பம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். போன மாதத்திலிருந்து புட்டிப்பால் பழக்கு, வேலைக்கு ஒத்தாசையாக இருக்கும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தது நினைவுக்கு வந்தது. எவ்வளவு கரிசனம் என்று நினைத்திருந்தாள். புட்டியைக் கொதிநீரில் கழுவிக் கொடுத்ததும் அவர்தான்.

"புட்டிப்பால்…" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு வேகமாகப் பேசினார், சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்கிற மாதிரி. "கேளு. புதுசா வர்ற துரைசாணிக்கு ரெண்டு பிள்ளை. கைக்குழந்தைக்காரி ஆயா வேண்டாம்னு லெட்டர் போட்டிருக்கு. இது வேலூருல இருந்தா நீயும் நானும் இங்கயே இருக்கலாம். வேத்து ஆளா அவங்க? மாசம் ஒரு நடை பஸ்ஸேறிப் போனா பார்த்துட்டு வரலாம். அதுக்குத்தான் துரைசாணிகிட்ட சின்ன வண்டின்னு சொன்னேன். பெரிசை பஸ்காரன் ஏத்த மாட்டான். மேல வாழைத்தாருக்கே இடமில்லை. அண்ணன் ஞாயித்துக்கிழமை வாராரு."

"எந்த ஞாயித்துக்கிழமை?"

"வர்ற ஞாயித்துக்கிழமை."

வண்டி வரைக்கும் பேசி முடித்திருக்கிறார்கள். எது மடங்கும், எது பஸ்ஸில் ஏறும் என்பது வரைக்கும். பெற்றவளிடம் மட்டும் பேச மறந்துவிட்டார்கள்.

"கிழங்கு கறுக்குது பாருங்க," என்று சொல்லிவிட்டுப் புஷ்பம் வெளியே வந்தாள். தூளியிலிருந்து பிள்ளையை எடுத்துப் பால் கொடுத்தாள். கொடுக்கும்போது ஒரு வாழைநாரைப் பிய்த்து வைத்துக்கொண்டாள். பிள்ளை தூங்கியதும் நாரைக் கொண்டுபோய்ப் பெரிய வண்டியின் அகலத்தை அச்சு முனைக்கு முனை அளந்தாள். திரும்பி வந்து கதவு நிலையில் நீட்டிப் பார்த்தாள். பக்கத்துக்கு இரண்டு விரல் மிச்சமிருந்தது.

மறுநாள் காலை துரைசாணியின் முன்னால் நின்றாள்.

"பெரிசுங்கம்மா."

"பெரிசா? பஸ்ஸுலே எப்படி…"

"எம்பிள்ளை பஸ்ஸுல போகலீங்கம்மா."

துரைசாணி கையிலிருந்த சாமான் பட்டியலைக் கீழே வைத்தாள். அவள் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. "உனக்குத் தெரியாதா ஆயா? நான் சொல்லித்தானா…" என்றவள் முடிக்கவில்லை. பட்டியலைத் திரும்ப எடுத்து மடித்தபடி, "புது அம்மா குழந்தையோட ஆயா வெச்சுக்க மாட்டாங்க. நான் எழுதிக் கேட்கிறேன். ஆனா கேட்பாங்கன்னு சொல்ல முடியாது," என்றாள்.

"தெரியுங்கம்மா."

செங்கோடன் ஒரு பக்கம் தூக்கிப் பிடிக்க, வண்டி வராந்தாப் படியிறங்கியது. "ஏனுங்க ஆயாம்மா, யானை வாங்கறவங்க ஊட்டையும் பெரிசாக் கட்டோணுமுங்க," என்றார்.

வண்டி அறையில் பாதியை அடைத்துக்கொண்டது. நாலு நாளும் தோமினிக் அதைச் சுற்றிக்கொண்டு போய்ப் படுத்தார், சுற்றிக்கொண்டு வந்து எழுந்தார். ஒருநாள் சங்கிலியில் முழங்காலை இடித்துக்கொண்டு ஆண்டவரைக் கூப்பிட்டார். பால்புட்டி, அலமாரியின் மேல்தட்டில் கவிழ்ந்து கிடந்தது. வேலையைப் பற்றியோ வேலூரைப் பற்றியோ புஷ்பம் பேச்செடுக்கவில்லை. இரண்டாம் நாள் மட்டும், இங்கே இல்லையென்றால் சூரமங்கலம் ரயில்வே வீடுகளில் ஆயா வேலை கிடைக்குமா என்று செங்கோடனிடம் விசாரித்தாள். நடந்தே போகிற தூரம்தானா என்றும் கேட்டாள். அது தோமினிக்கின் காதுக்கும் வந்தது. அன்று சாயங்காலமே அவரும் செங்கோடனிடம் போய், வேறு என்ன கேட்டாள் என்று விசாரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் மணி அடித்தபோது புஷ்பம் வெள்ளைச் சேலை கட்டித் தலையில் முக்காடிட்டிருந்தாள். வண்டிக்குள் பழைய சேலையை நாலாக மடித்து விரித்து, அன்னாளைப் படுக்க வைத்தாள். பிள்ளை மேலே கூரையின் கறுப்பைப் பார்த்துக் கையை ஆட்டியது. தோமினிக் கோட்டுப் பொத்தானைப் போட்டபடி சுவரோரம் ஒதுங்கி நின்றார். அங்கேதான் இடமிருந்தது.

"அண்ணனும் அண்ணியும் நேரா கோயிலுக்கு வந்துருவாங்க," என்றார். "அண்ணி பிள்ளைக்குச் சட்டை தச்சுக் கொண்டாறாங்களாம். ஆறு சட்டை."

புஷ்பம் சக்கரத்திலிருந்து கட்டையைக் கழற்றினாள்.

"புஷ்பம், உன்னைத்தான். அவங்க கையை நீட்டினா நான் என்ன சொல்றது? நீயே சொல்லு. என்ன சொல்லட்டும்?"

அவள் கைப்பிடியை லேசாக அழுத்தி முன்சக்கரத்தை வாசற்படிக்கு மேல் தூக்கினாள். நிலையில் இந்தப் பக்கம் இரண்டு விரல், அந்தப் பக்கம் இரண்டு விரல். உரசாமல் வெளியே போனாள்.