ஓம் என்று சொல்லாதவன்

நானே கட்டிவிட்ட பேய் என்னைத் தேடி வந்துவிட்டது என்று நம்பினேன். ஓம், மெய்தான்... ஐம்பதை நெருங்குகிற, ஆட்டோ ஓட்டுகிற, இரண்டு பிள்ளைகளின் தகப்பனான நான் நம்பினேன்! சிரித்துக்கொள்ளுங்கள். நானும் எத்தனையோ தரம் சிரித்துப் பார்த்துவிட்டேன்.

அந்தப் பேயை நான் உண்டாக்கியது இறாலுக்காக. கல்லடிக்கு அங்கால், கண்ணா மரப் பற்றைகள் வாவிக்குள் இறங்கி நிற்கும் மூலை ஒன்று உண்டு. மாலையில் வலை வீசினால் இறாலை அள்ளலாம். ஊருக்குத் தெரிந்தால் எனக்கு என்ன மிஞ்சும்? தேநீர்க்கடையில் இருந்துகொண்டு ஒரு கதையை அவிழ்த்துவிட்டேன்: அங்கே தோணி கவிழ்ந்து செத்த மணப்பெண் ஒருத்தி, இருட்டுப்படுகிற மைமல் பொழுதில் ஆளைப் பேர்சொல்லிக் கூப்பிடுவாள். 'ஓம்' என்று பதில் கொடுத்தால் உன் தோணியும் கவிழும்!

அவ்வளவுதான் என் பங்கு. மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. ஒரு வாய் அவளுக்குக் கூறைச்சேலை உடுத்தியது. இன்னொரு வாய் அவளைப் பறங்கியர் காலத்துக்கே கொண்டுபோனது. காத்தான்குடியிலிருந்து புடவை விற்க வந்த முஸ்லிம் நானா ஒருவர் என் கதையை எனக்கே சொல்லி, "கவனம் தம்பி" என்று எச்சரித்துவிட்டுப் போனார். பல்கலைக்கழகத்துப் பிள்ளையொன்று வந்து போனை நீட்டிப் பதிந்துகொண்டு, "இது வாய்மொழி இலக்கியம் ஐயா. இதுக்கு ஆசிரியர் எண்டு ஒருத்தரும் இல்ல" என்றது. ஆசிரியர் எதிரே இருந்து தேத்தண்ணீரில் பணிஸ் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்!

ஆனால்... பிள்ளை சொன்னது சரிதான். கதையின் மிகப் பயங்கரமான வரி என்னுடையதல்ல. ராசனுடையது.

ராசன் என் கூட்டாளி, மச்சான் முறை. கதை பொய் என்பதும் இறால் மெய் என்பதும் தெரிந்த ஒரே ஆள். ஒருநாள் கடையில் எல்லோரும் கேட்க, முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் சொன்னான்: "முன்பின் தெரியாத பொம்பிளக் குரலுக்கு எவன்டா ஓம் எண்டுவான்? அவள் உனக்குத் தெரிஞ்ச ஆள்ட குரலிலதான் கூப்பிடுவாள்."

ஒருத்தன் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனான். நானே ஒருதரம் வாவிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்! வெளியே வந்ததும் கண்ணடித்தான்: "எப்பிடி மச்சான் என்ட சரக்கு?"

பிறகு மாரி வந்தது, வாவி ஏறியது. ராசனுக்குக் காய்ச்சல் என்றார்கள். அன்று மாலை நான் தனியே போய், நட்டிருந்த கம்பில் தோணியைக் கட்டிவிட்டு வலையை எடுத்தேன். மழை இருட்டு. பற்றைக்குப் பின்னாலிருந்து...

"குணம்... மச்சான் குணம்!"

ராசனின் குரல். ராசனோ வீட்டில் படுத்திருக்கிறான்!

'இந்தக் கதையைக் கட்டியவனே நீதானே' என்றது புத்தி. 'இந்த வரியை நீ கட்டவில்லையே' என்றது பயம்.

பிள்ளையாரைக் கூப்பிட்டேன். அடுத்த வீட்டுக்காரரின் மாதாவையும் விடவில்லை. துடுப்பை எடுத்து வலித்தேன், வலித்தேன்... கயிற்றை அவிழ்க்காமலே! தோணி செக்குமாடு போலக் கம்பைச் சுற்றிச் சுற்றி வந்தது. இதைக் கடையில் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சொன்னதில்லை. ஏனென்றால், நான் சுற்றிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அந்தக் குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"குணம்... காலில வல சுத்திட்டுடா..."

பேய்க்குக் கால் இல்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இத்தனை பேய்க்கதை சொன்ன எனக்குத் தெரியாதா? தெரிந்ததா? அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டதா? இன்றுவரை இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை...

கயிற்றை வெட்டினேன். கரைக்கு வந்தேன். ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு ஓடி, போர்த்திக்கொண்டு படுத்தேன்.

விடியத்தான் ராசனைக் கண்டெடுத்தார்கள்.

செத்த வீட்டில் ஒரே பேச்சு: "அவள் கூப்பிட்டிருக்காள்... இவன் ஓம் எண்டிட்டான்." ராசனின் மனைவி என் கையைப் பிடித்தாள். "அண்ணன், காய்ச்சல் விட்டிட்டு, குணம் தனியப் போயிருப்பான் எண்டுதான் வெளிக்கிட்டவர். நீங்க அவரக் காணல்லியா?"

"நான் அண்டைக்கு அங்க போகல்ல, தங்கச்சி."

அந்தப் பல்கலைக்கழகத்துப் பிள்ளை மறுபடி போனோடு வந்தது. கதையில் இப்போது ராசனும் இருக்கிறானாம். அவள் ராசனைக் கூப்பிட்ட கதையை நானும் சொன்னேன்... நன்றாகவே சொன்னேன்.

இப்போதெல்லாம் யார் பேர்சொல்லிக் கூப்பிட்டாலும் எனக்கு வாய் திறப்பதில்லை. மனைவி குசினியில் சமைத்துக்கொண்டு கூப்பிட்டால், முன்னால் வந்து நிற்கும்வரை ஊமை! செவிடாகிவிட்டேன் என்று பயந்து புளியந்தீவு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். காதில் ஒரு குறையும் இல்லையாம்.

உண்மைதான். ராசன் வலையில் கால் சிக்கித் தண்ணீரில் கிடந்தான். என்னைக் கூப்பிட்டான். எனக்குக் கேட்டது. நான் பதில் சொல்லவில்லை.