இலை ஓரத்து உப்பு

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் அண்டா தேய்க்கப் போனேன். இன்றைக்கு அதே ஊரில் ஒரு பெரிய கல்யாணத்துக்கு வேண்டிய பாத்திரம் மொத்தமும் என்னுடையது, அதை ஏற்றிப்போகும் வேனும் என்னுடையது. விழுப்புரம் வரைக்கும் பத்திரிகை அடிக்கும் முன்பே என்னிடம் தேதி கேட்டுக்கொள்கிறார்கள். பெருமைக்குச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். கஷ்டப்பட்டு வந்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

என் சமையலுக்கு நான் வைத்திருக்கும் சாட்சி ஒன்று உண்டு. பந்தியில் இலை போட்டதும் ஓரமாக ஒரு சிட்டிகை உப்பு வைப்போம் இல்லையா? சாப்பிட்டவர்கள் கை கழுவப் போனதும் நான் இலை எடுக்கிற இடத்தில் போய் நின்றுகொள்வேன். உப்பு வைத்தது வைத்தபடி இருந்தால் சமையல் சரி. கரைந்து போயிருந்தால் எங்கேயோ கோளாறு. மண்டபக்காரர் பாராட்டுவது, மாப்பிள்ளை வீட்டார் கை குலுக்குவது எல்லாம் அப்புறம்தான். போன ஆவணி வரைக்கும் என் பந்தியில் அந்த உப்பு அசைந்ததே இல்லை.

இத்தனைக்கும் நான் வாயில் வைத்துப் பார்க்கிறவன் அல்ல. ஆக்குகிறவன் வாய் வைக்கக் கூடாது என்பது எங்கள் அடுப்படி வழக்கம். சாம்பார் கொதித்து மேலே வரும்போது ஆவியை முகத்துக்கு வாங்கினாலே எனக்குத் தெரிந்துவிடும். உப்பை என் கை அளந்துவிடும். இன்னொரு காரணமும் இருந்தது. என் வாய் சும்மா இருந்ததே கிடையாது. வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, கூடவே ஒரு துண்டு புகையிலை. விடியற்காலை அடுப்பு மூட்டும்போது போட்டால் படுக்கப் போகும்போதுதான் துப்புவேன்.

என் மனைவிக்குக் காலில் கட்டை விரலில் ஒரு புண். செருப்பு வார் உரசி வந்தது. ஆறவே இல்லை. முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சர்க்கரை இறங்கினால்தான் புண் ஆறும், இப்படியே விட்டால் விரலையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். காப்பியில் மட்டும் சர்க்கரை இல்லாமல் அவளுக்கு இறங்காது. திரும்பி வரும்போது பஸ்ஸில் கத்தினேன்.

"ஒரு சர்க்கரைய வுட முடியலியாமே உன்னால? விரலு போனா இன்னா பண்ணுவ?"

அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள். "மொதல்ல வாயில இருக்கிறத துப்பிட்டு வந்து சொல்லுங்க."

முன் சீட்டில் இருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது.

"நான் நெனச்சா இன்னிக்கே வுடுவேன்."

"வுடுங்களேன். ஒரு மாசம். நீங்க வெத்தல போடாத வரைக்கும் நான் சர்க்கர போட மாட்டேன். நீங்க என்னிக்கு போடுறீங்களோ, அன்னிக்கு டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன் போட்டுக்குவேன்."

"சரி" என்றேன். சொன்ன பிறகுதான் மாதம் எதுவென்று ஞாபகம் வந்தது. ஆடியில் கேட்டிருந்தால் வேலை இருக்காது, வீட்டில் படுத்துக்கொண்டே ஜெயித்திருப்பேன். அவள் கேட்டது ஆவணியில். முகூர்த்தம் முகூர்த்தமாக வரிசை கட்டி நிற்கிற நேரம்.

முதல் சில நாட்கள் கொட்டாவியும் தலைவலியும்தான். யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்பாள், "நாக்க காட்டுங்க." நான் குழந்தை மாதிரி நீட்டிக் காட்டுவேன். பதிலுக்கு அவள் காப்பி டம்ளரைச் சாய்த்து அடியைக் காட்டுவாள். அடியில் சர்க்கரை தேங்கியிருக்காது. இப்படி இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு வீட்டில் குடித்தனம் நடத்தினோம்.

கொஞ்ச நாளில் என் நாக்கு விழித்துக்கொண்டது. வீட்டு ரசத்தில் பெருங்காயம் தனியாகத் தெரிந்தது, மிளகு தனியாகத் தெரிந்தது. சுண்ணாம்பில் வெந்து கிடந்த நாக்கை வைத்துக்கொண்டே இவ்வளவு பெயர் வாங்கினோமே, இனி நம்மை யார் பிடிக்க முடியும் என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் விழுப்புரத்துக் கல்யாணத்துக்குப் போனேன்.

சாம்பார் அண்டாவில் இரண்டு கை உப்பு போட்டேன். இன்னும் இரண்டு கை போட வேண்டும். என்னவோ தோன்றியது. வழக்கத்தை மீறி, கரண்டியில் இரண்டு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். சுரீரென்று உப்பு ஏறியது. போதும் என்று நிறுத்திவிட்டேன்.

என் கூடவே ரொம்ப வருஷமாக அடுப்பில் நிற்கிற கூட்டாளி பார்த்துவிட்டு வந்தார். "மாஸ்டர், ரெண்டு கைதான போட்டீங்க?"

"போதும்யா. நான் வாயில வச்சி பாத்துட்டேன்."

"வாயில வச்சா?" என்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தாவது நான் யோசித்திருக்க வேண்டும். கூட்டு, பொரியல், ரசம் எல்லாவற்றுக்கும் அதே நாக்கைத்தான் கேட்டேன்.

முதல் பந்தி பாதியிலேயே "உப்பு, உப்பு" என்று குரல் வந்தது. பரிமாறுகிறவர்கள் உப்புக் கிண்ணத்தோடு ஓடினார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கை கழுவிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"இன்னா மாஸ்டர், பிரஷர்காரங்களுக்குன்னு தனியா ஆக்குனீங்களா? பந்திக்கு மாத்தி எடுத்தாந்துட்டாங்க போல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் இலை எடுக்கிற இடத்துக்குப் போனேன். ஒரு இலையிலும் உப்பு இல்லை. துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அடுத்த பந்திக்கு உப்புக் கரைத்து ஊற்றிச் சமாளித்தோம். ஆனால் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டேன்.

வேனில் பாத்திரம் ஏற்றும்போது கூட்டாளி ஒரு வெற்றிலையை மடித்து, சுண்ணாம்பு புகையிலை எல்லாம் வைத்து, என் கையில் கொடுத்தார்.

"ஒரே ஒரு வாய் போடுங்க மாஸ்டர். நாக்கு பழையபடி மந்தமாவட்டும். நாளன்னிக்கு திண்டிவனம். சொந்த ஊரு. அங்க பேரு கெட்டா அவ்ளோதான். வாயக் கொப்பளிச்சிட்டு போனா வூட்ல யாருக்கு தெரியும்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. இரண்டு தடவை பல் துலக்கினால் போதும். வாசனை மூக்குக்கு வந்துவிட்டது, வாயில் எச்சில் ஊறிவிட்டது. ஆனால் மறுநாள் காலையில் அவள் எதிரே நான் உட்கார வேண்டும். சர்க்கரை இல்லாத காப்பியை மருந்து மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் குடிப்பாள். காலில் கட்டோடு. அதைப் பார்த்துக்கொண்டே என் காப்பியை நான் எப்படிக் குடிப்பது? வெற்றிலையை அவர் கையிலேயே திருப்பி வைத்தேன்.

"நீ போட்டுக்கோ. எனக்கு வேணாம்."

"அப்ப உப்பு?"

"அத நான் பாத்துக்கறேன்."

வழி முழுக்க யோசித்தேன். நாக்கு கெட்டுப்போகவில்லை, அது புதிதாக வேலைக்கு வந்த ஆள். என் மூக்கும் கையும் பழைய ஆட்கள். புது ஆள் சொன்னான் என்று பழைய ஆட்களை நிறுத்தினேன், அதுதான் நான் செய்த வேலை.

திண்டிவனத்துக் கல்யாணத்தன்று துண்டை எடுத்து வாயை மூடி, பின்னால் இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த வேலைக்கார அம்மா ஒருத்தர் அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா மாஸ்டர், கொரோனா திரும்பி வந்துடுச்சா?"

தலையை ஆட்டினேன். மூக்கை மட்டும் வெளியே விட்டு ஆவியை வாங்கினேன். நாலு கை உப்பு. கை தயங்கவே இல்லை. பந்தி முடிந்ததும் இலைப் பக்கம் போனேன். ஓரத்தில் உப்பு, வைத்தது வைத்தபடி. கூட்டாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாலைந்து இலை பார்த்துவிட்டு, "உங்க திமிருக்கு கொறச்சலே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாதம் முடிந்தது. அன்று காலை அவள் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து என் முன்னால் கொண்டு வந்தாள். கால் கட்டைப் பிரித்திருந்தார்கள், புண் இருந்த இடத்தில் புதுத் தோல் மூடிக்கொண்டு வந்தது. சர்க்கரை இறங்கியிருக்கிறது, இப்படியே இருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். தனக்கு ஒரு டம்ளர் காப்பி வைத்துக்கொண்டாள். எனக்குத் தெரியவே இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கினாள்.

"ரெண்டு பேரும் ஜெயிச்சிட்டோம். இன்னிக்கி ஒரு நாளு" என்று ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். "ஐய, இன்னா இது, பாயசமாட்டம் இருக்குது!"

டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். நான் வெற்றிலைத் தட்டைப் பார்த்தேன். எடுக்கத்தான் கை போயிற்று.

"நான் போட்டா?" என்றேன்.

"நீங்க போட்டா நான் குடிப்பேன். பாயசமா இருந்தாலும் குடிப்பேன். பேச்சு பேச்சுதான்."

"மாசம்தான் முடிஞ்சிபோச்சே."

"புண்ணுக்கு மாசம் தெரியுமா?"

தட்டை எடுத்துக்கொண்டு போய் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். திரும்பி வந்து அவள் நகர்த்திய காப்பியை முழுசாகக் குடித்தேன். ஆக்கிய பண்டத்தைக் கொட்டுகிற வழக்கம் எனக்கு இல்லை. எனக்கும் அதில் சர்க்கரை அதிகமாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.