தம்பி சிவப்பு என்றான், நான் நீலம் என்றேன்

தேவதானத்தில் நடந்த ஒரு கல்யாணத்தின் வீடியோவை எடிட் செய்துகொண்டிருந்தபோது எங்கள் பழைய கம்ப்யூட்டர் நின்றுபோனது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கும் இடத்தில் திரை உறைந்தது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன், வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டிலிருந்தபடியே ராஜபாளையத்து ஸ்டுடியோக்களுக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. அவர்கள் எடுத்ததை ஹார்டு டிஸ்கில் கொண்டுவந்து தருவார்கள். நான் வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பேன். அதற்கு என்னிடம் இருந்தது அந்த ஒரு கம்ப்யூட்டர்தான்.

அதுவும் எனக்கு மட்டும் சொந்தமில்லை. காலையிலிருந்து எனக்கு, சாயங்காலம் ஆறு மணி அடித்தால் என் தம்பிக்கு.

தம்பிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பிறவியிலேயே தசைச்சிதைவு நோய். ஏழு வயதில் பள்ளிக்கூடப் படியில் அடிக்கடி விழ ஆரம்பித்தான். பதினொரு வயதில் கடைசியாக நடந்தான். அதற்குப் பிறகு சக்கர நாற்காலிதான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் அம்மா தூக்குவாள். அப்பா மில்லில் ஷிப்டு பார்ப்பவர். அவர் வீட்டில் இருக்கும் நேரம் அவர் தூக்குவார். கழுத்தும் இரண்டு கைகளின் விரல்களும் மட்டும் அவன் சொன்னபடி கேட்டன. அந்த விரல்களை வைத்துக்கொண்டு அவன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுவான். இணையத்தில் கோயம்புத்தூரில் ஒருவன், திருச்சியில் ஒருவன், துபாயில் ஒருவன் என்று நான்கு பேர் ஓர் அணி. திரையில் அவன் மாடி விட்டு மாடி தாவுவான். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் என்று அந்த மூன்று பேருக்கும் தெரியாது.

சர்வீஸ் பார்க்க வந்தவர், மதர்போர்டு போய்விட்டது, இந்தக் காலத்துப் போர்டுக்கு இந்தப் பழைய பிராசசர் சேராது, புதிதாகவே வாங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வாங்கப்போவது ஒன்று, ஆட்கள் இரண்டு பேர். அதனால் கம்ப்யூட்டருக்கு மூளையான பிராசசர் எந்தக் கம்பெனியுடையது என்ற பேச்சு அன்று மத்தியானமே தொடங்கிவிட்டது.

தம்பி செல்போனில் ஓர் அட்டவணை போட்டான். இரண்டு கம்பெனிப் பிராசசர்கள், கிட்டத்தட்ட ஒரே விலை. பெயர்கள் எனக்கு வாயில் நுழையவில்லை என்பதால் ஒன்றுக்குச் சிவப்பு, மற்றதுக்கு நீலம் என்று வைத்தான். நாள் முழுக்க ஒப்பீட்டு வீடியோக்கள் பார்ப்பான். நான் சோறு ஊட்டும்போது அன்றைக்குத் தெரிந்ததைச் சொல்வான். சிவப்பில் எட்டு கோர், அதாவது ஒரே நேரத்தில் வேலை பார்க்க எட்டு ஆள் மாதிரி. ஆனால் அடிக்கடி வேண்டியதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் கேஷ் மெமரி அதிகம், அதனால் கேமுக்கு அதுதான் ராஜா. நீலத்தில் இருபது கோர். வீடியோவை முடித்து வெளியே எடுக்கிற வேலையில் அது முந்தும். ஆனால் சூடாகும், கரண்டு கூடக் குடிக்கும். நம் ஊர் வெயிலுக்கு நல்ல கூலர் தனியாக வாங்க வேண்டியிருக்கும். கேமில் ஒரு விநாடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற எண்ணை எனக்குக் காட்டி, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கிறது என்று நான் கேட்டபோது சிரித்தான்.

"சராசரியப் பாக்காதக்கா. எம்புட்டு கீழ விழுதுன்னு பாரு. நாலு பேர் ஒண்ணா சுடும்போது நீலம் விழுந்துரும். அந்த நேரத்துலதான் நம்ம சாவோம்."

அவன் அத்தனை சந்தோஷமாக இருந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. இன்னொன்றும் சொன்னான். சிவப்பின் போர்டில் மூன்று வருஷம் கழித்துப் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நீலத்தின் போர்டு இத்தோடு சரி. எடிட்டிங்கில் சிவப்பு கொஞ்சம்தான் மெதுவு. கேமில் நீலம் ரொம்பவே பின்தங்குகிறது. இரண்டு பேருக்கும் சேர்த்துப் பார்த்தால், கொடுக்கிற காசுக்குச் சிவப்புதான் நியாயம். அட்டவணைப்படி அவன் சொன்னது சரிதான். எனக்கும் அது புரிந்தது. சிவப்பே வாங்கிக்கொள்ளலாம் என்று நான் மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன்.

அந்த வாரத்தில்தான் மதுரைக்குப் போனோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அவனைக் கூட்டிப்போவது வழக்கம். ஊதச் சொன்னார்கள், ஊதினான். விரல்களை மடக்கச் சொன்னார்கள், மடக்கினான். அம்மா அவனை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா என்னைத் திரும்ப உள்ளே கூப்பிட்டார். மூச்சு போன தடவையை விட நன்றாகக் குறைந்திருக்கிறது என்றார். இதயமும் சோர்ந்துவிட்டது. விரல்கள் அடுத்த வருஷம் இந்த நேரம் இப்படி இருக்காது. இவனுக்கு இன்னும் எத்தனை வருஷம் என்று நான் கேட்டேன்.  மழைக்காலத்தில் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது நான் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் தம்பி அம்மாவிடம் கூலரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். கிருஷ்ணன்கோவில் தாண்டுவதற்குள் நான் நீலம் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் எடிட்டிங் வேகம் என்று சொல்லியிருப்பேன். உண்மையில் என் மனதில் ஓடியது வேறு. இவன் விரல் இன்னும் ஒரு வருஷம். நான் இன்னும் பத்து வருஷம் இந்தக் கம்ப்யூட்டரில் வேலை பார்க்க வேண்டும். இப்படித்தான் நினைத்தேன். இதை எழுதிவிட வேண்டும் என்றுதான் இத்தனையும் எழுதுகிறேன்.

மறுநாள் அவனிடம் நீலம் என்றேன். ஏன் என்று கேட்டான். வேலை சீக்கிரம் முடியும் என்றேன். எவ்வளவு சீக்கிரம் என்று கேட்டுவிட்டு அட்டவணையைத் திறந்தான். நான் பார்க்கவில்லை. இதை வைத்துச் சம்பாதிக்கிறவள் நான், எனக்குத் தோதானதைத்தான் வாங்க முடியும் என்றேன். அந்த வீட்டில் அதுவரை யாரும் அவனிடம் அப்படிப் பேசியதில்லை. அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவன் செல்போனை மடியில் கவிழ்த்து வைத்தான். 

இரண்டு நாள் கழித்து, நான் அவனுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது அவனாகவே கேட்டான்.

"மதுரையில ஒன்ன மட்டும் உள்ள கூப்ட்டு என்ன சொன்னாவ?"

ஒன்றுமில்லை என்றேன்.

"மூணு வருசம் கழிச்சு பிராசசர மட்டும் மாத்திக்கலாம்னு நேத்தும் சொன்னேன்லா. நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்ட. போன வாரம் அதையே சொன்னப்ப தலையாட்டுன."

 துண்டை அவன் தலையிலிருந்து எடுக்காமலே நின்றேன். முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று பயமாக இருந்தது.

"நீலமே வாங்குக்கா. நீதான ரொம்ப நாள் பாக்கப் போற. ஆனா எங்கணக்கு தப்புன்னு மட்டும் சொல்லாத. ரெண்டு பேருக்குன்னு பாத்தா செவப்புதான்."

அவன் கணக்குச் சரி என்று சொன்னேன். அதை அவனுடைய மூஞ்சிக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும். துண்டுக்குப் பின்னாலிருந்து சொன்னேன்.

வாங்கப் போகும்போது தானும் வருவேன் என்றான். ராஜபாளையத்தில் அந்தக் கடை முதல் மாடியில் இருக்கிறது, படி செங்குத்தாக இருக்கும். வேனை ரோட்டோரம் நிறுத்தி, அவனையும் அம்மாவையும் அதிலேயே விட்டுவிட்டு நான் மட்டும் மேலே போனேன். கடைக்கார பாய் எனக்குப் பல வருஷப் பழக்கம். கேமுக்கா வேலைக்கா என்று கேட்டார். வேலைக்கு என்றேன். தம்பி கீழே வேனில் இருக்கிறான் என்று சொன்னேன். ஜன்னல் வழியாகப் பார்த்தவர், அவரால் படியேற முடியாதா என்று கேட்டார். முடியாது என்றேன். உடனே அவர் அலமாரியிலிருந்து சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, இரண்டு பெட்டியையும் எடுத்துக்கொண்டு, நான் தடுப்பதற்குள் கீழே இறங்கிவிட்டார்.

"எது வேணும்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க தம்பி" என்று வேன் கதவருகே நின்று இரண்டையும் அவன் மடியில் வைத்தார்.

தம்பி விரல்களை நகர்த்திச் சிவப்புப் பெட்டியின் மேல் வைத்தான். அதன் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருந்ததை வாசித்தான். பாயிடம் கேஷ் பற்றி ஏதோ கேட்டான். அவர் மரியாதையாகப் பதில் சொன்னார். பத்து நிமிஷம் இரண்டு பேரும் பேசினார்கள். பஸ்ஸுக்கு வழிவிடச் சொல்லிப் பின்னால் ஹாரன் அடித்தார்கள். பிறகு அவன் விரலால் நீலத்தை அவர் பக்கமாகக் கொஞ்சம் தள்ளினான். இது, என்றான். அம்மா ஒன்றும் புரியாமல் இரண்டு பெட்டியையும் பார்த்தபடி இருந்தாள். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நீலம் நன்றாகவே ஓடியது. பழையதில் பாதி நாள் பிடித்த வேலை சாப்பிட்டு எழுவதற்குள் முடிந்தது. கேமும் பழையதைவிட எவ்வளவோ தேவலை. ஆனால் நெருக்கடியான இடங்களில் அவன் சொன்னபடி திரை ஒரு நொடி தடுக்கி நிற்கும். அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான்தான் ஒவ்வொரு தடவையும் கவனித்தேன்.

நான்கு மாதத்தில் வலது கைச் சுட்டுவிரல் அசையாமல் போனது. மவுஸை இடது கைக்கு மாற்றினான். கீபோர்டில் எட்டி அழுத்த வேண்டிய எழுத்துகளை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்தான். கொஞ்ச நாள் ஓடியது. பிறகு ஆட்டம் தொடங்கியதுமே சுடப்பட்டு விழ ஆரம்பித்தான். ஹெட்போனிலிருந்து அந்த மூன்று பேரின் சத்தம் எனக்குக் கேட்கும். முதலில் கேலி செய்தார்கள். பிறகு திட்டினார்கள். துபாய்க்காரன் ஒருநாள் ரொம்பக் கேவலமாகப் பேசினான். நான் ஹெட்போனைப் பிடுங்கி, தம்பிக்கு என்ன நோய் என்று அந்தத் துபாய்க்காரனிடம் சொல்லிவிடப் போனேன்.

"சொல்லாதக்கா" என்றான் தம்பி. "ஆடத் தெரியாதவன்னுதான திட்டுதானுவ. அது பரவால்ல. திட்டட்டும்."

அடுத்த வாரம் அவனை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அன்று ஆறு மணிக்கு நான் எழுந்து இடம் விட்டேன். வேண்டாம், நீயே வேலையைப் பார் என்றான். அதற்குப் பிறகு அந்த ஆறு மணி வரவில்லை. அவன் நாற்காலி எனக்குப் பக்கத்தில் கிடந்தது. நான் எடிட் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பான். இந்த இடத்தில் வெட்டு, இந்த மாமா கேமராவைப் பார்த்து முழிக்கிறார், தூக்கு என்பான். சரியாகத்தான் சொல்வான். யார் கல்யாணமோ, யார் யாரோ சிரிக்கிறார்கள்; அவன் எல்லாவற்றையும் பார்த்தான். அவனுக்கு அது பிடித்ததா என்று நான் கேட்டதில்லை.

ஐப்பசி மழையில் சளி பிடித்தது. மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. மதுரைக்குக் கொண்டுபோனோம். தொண்டையில் குழாய் போட்டுப் பதினாறு நாள் வைத்திருந்தார்கள். பேச முடியாது. ஆமாம் என்றால் ஒரு தடவை, இல்லை என்றால் இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டுவான். வலிக்குதா என்று அம்மா கேட்கும்போதெல்லாம் இரண்டு தடவை சிமிட்டினான். அவன் பொய் சொல்கிறான் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பதினேழாம் நாள் காலையில், அப்பா டீ வாங்கப் போயிருந்தபோது, போய்விட்டான்.

காரியம் முடிந்த மறுநாளே நான் வேலைக்கு உட்கார்ந்தேன். வன்னியம்பட்டியில் ஒரு வளைகாப்பு. அவர்களுக்கு அந்த வாரமே வீடியோ வேண்டும். வேலை சீக்கிரம் முடிந்தது. எவ்வளவு சீக்கிரம் முடிந்தாலும் அதற்குப் பிறகு எனக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. அம்மா பதினோரு வருஷமாக ஒரு ஆளைத் தினம் எட்டுப் பத்துத் தடவை தூக்கி இறக்கியவள். அத்தனை வருஷமும் இடுப்பு வலி என்று ஒரு நாள் சொன்னதில்லை. இப்போது தூக்க ஆளில்லை; குனிந்து ஒரு செம்பை எடுத்தால் நிமிர முடியவில்லை. எலும்பு தேய்ந்துவிட்டது, வெயிட் தூக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னார்.

"தூக்க என்ன இருக்கு" என்றாள் அம்மா.

மாத்திரை எழுதித் தந்தார். வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தோம். அன்று ராஜபாளையத்தில் வேன் கதவருகே நின்றபோதே, நீலம் அவன் கேட்டதில்லை, டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு நான் முன்னமே முடிவு செய்தது என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். இன்றுவரை சொல்லவில்லை. அவளுக்கு இரண்டு பெட்டியும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.