கீழ் அடுக்கில் மூன்று டிகிரி

விஞ்ஞானி ஆக ஆசைப்படும் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்ல என் தம்பியைக் கூப்பிட்டிருந்தார்கள். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. வீடு வீடாகப் போய், தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்து, கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்கிற நகராட்சி ஊழியன் அவன். போன மாதம் அந்தப் பள்ளிக்கூடத் தொட்டியைப் பார்க்கப் போனவன், சுற்றி நின்ற பிள்ளைகளுக்குப் புழு எப்படி மூச்சு விடுகிறது என்று அரை மணி நேரம் விளக்கியிருக்கிறான். தலைமையாசிரியை சொக்கிப் போய்விட்டார்.

"நான் என்னத்தக்கா சொல்றது?" என்றான்.

"சோறு போடுற படிப்பா படிங்கன்னு சொல்லு. உன்னை மாதிரி ஆகாதீங்கன்னு சொல்லு."

எனக்கு வாய் நீளம். தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே நீண்டுபோன வாய். ஆனாலும் அவன் சட்டையை நான்தான் தேய்த்துக் கொடுத்தேன். கூடவே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அவன் சுற்றி வளைக்கவில்லை. ஆறு வருடம் ஆராய்ச்சி செய்ததைச் சொன்னான். அப்போதே எங்கள் தெருவில் அவனுக்குக் 'கொசு டாக்டர்' என்றுதான் பெயர். பல்கலைக்கழகம் கொடுப்பதற்கு முன்னாலேயே தெரு கொடுத்த பட்டம்! ஒரு காட்டுச் செடியின் இலைச்சாற்றைத் தண்ணீரில் கலந்தால் கொசுப்புழு மெதுவாக வளர்கிறது என்பது அவன் கண்டுபிடிப்பு. வெறும் தண்ணீர்த் தட்டில் எட்டு நாளில் கொசு பறக்கும். சாறு கலந்த தட்டில் பதினொரு நாள் ஆகும். ஆறு வருடமும் அப்படியேதான் வந்தது.

அந்தச் சாறு குடலைப் புரட்டும் நாற்றம். முதல் தட்டு வைத்த வாரம் அதே அறையில் மாசமாக இருந்த ஒரு பெண் வேலை பார்த்தாள். நாற்றம் தாங்காமல் அவள் வாந்தி எடுத்ததைப் பார்த்து இவனுக்கு மனசு கேட்கவில்லை. சாறு கலந்த தட்டுகளை எல்லாம் அலமாரியின் கீழ் அடுக்குக்கு மாற்றினான். அவள் பிள்ளை பெற்று வேறு வேலைக்கும் போய்விட்டாள். சாறுத் தட்டுகள் மட்டும் கீழேயே இருந்தன, வெறும் தண்ணீர்த் தட்டுகள் மேலே.

"ஆய்வேட்டை டைப் அடிச்சு முடிச்சாச்சு. ஒரே ஒரு அட்டவணை பாக்கி," என்றான் பிள்ளைகளிடம். "அந்த நேரம் பார்த்துக் கீழ் அடுக்கு துருப்பிடிச்சு ஒடைஞ்சுது. சாறுத் தட்டை எல்லாம் மேல வச்சேன். எட்டே நாள்ல கொசு பறந்துது."

பிறகு அடுக்கைச் சரிசெய்து, வெறும் தண்ணீரைக் கீழே வைத்துப் பார்த்திருக்கிறான். பதினொரு நாள். தெர்மாமீட்டரை அன்றுதான் முதல் தடவையாகக் கீழே இறக்கிப் பிடித்தான். மேலே இருந்ததைவிட மூன்று டிகிரி குறைவு. இலைச்சாறு ஒரு மண்ணும் செய்யவில்லை, எல்லாம் குளிர் செய்த வேலை.

"குளிர்ந்த காத்து கீழ இறங்கும்கிறது உங்க ஆறாங்கிளாஸ் பாடம். அதைப் படிக்க எனக்கு ஆறு வருஷம் ஆச்சு," என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவனுடைய பேராசிரியர், "இதைக் கிளறாதே, யாரும் உன் அலமாரியை வந்து பார்க்கப் போறதில்ல," என்றாராம். ஒரு கல்லூரியில் வேலை வேறு தயாராகக் காத்திருந்தது. நான் அதைவிட மோசமாகப் பேசினேன். "ஊர்ல இல்லாத யோக்கியன்! வாயை மூடிட்டுப் பட்டத்தை வாங்குடா. அம்மா கண்ணை மூடுறதுக்குள்ள உன்னை டாக்டரா பார்க்கட்டும்," என்றேன். அம்மா அப்போது நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவன் கேட்கவில்லை. தன் முடிவுகள் தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். மறுபடி முதலிலிருந்து தொடங்க அவனுக்குக் கால அவகாசமும் இல்லை, உதவித்தொகையும் இல்லை.

"நமக்குப் பிடிக்காத விடை வந்தா எப்படியும் திரும்பச் சரிபார்ப்போம்," என்று முடித்தான். "பிடிச்ச விடை வந்தாத்தான் விட்டுடுவோம். அதை ரெண்டு தடவை பாருங்க. வேற அறிவுரை எங்கிட்ட இல்ல."

முன் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "உங்க அம்மா திட்டினாங்களா சார்?"

அவன் என்னைப் பார்த்தான்.

அவன் எழுதிக் கொடுத்த மறுநாள் இரண்டு பேரும் அம்மாவைப் பார்க்கப் போனோம். அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. "பட்டம் என்னப்பா ஆச்சு?" என்றாள். நான் அவன் முழங்கையைக் கிள்ளினேன். சாகப் போகிறவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவான்? அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"கிடைச்சிடுச்சும்மா," என்றான்.

அம்மாவின் முகம் மலரும் என்று காத்திருந்தேன். அவள் அவன் பிடியிலிருந்த கையை உருவிக்கொண்டாள்.

"அப்ப அந்தக் கீழ் அடுக்கு சமாச்சாரத்தை மறைச்சிட்டியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தப்பைக் கண்டுபிடித்த அன்றே அவன் நேராக அவள் கட்டிலுக்குத்தான் போயிருக்கிறான். என்னிடம் சொல்வதற்கு முன்னால் அவளிடம் சொல்லியிருக்கிறான். "எழுதிக் கொடுத்துடு ராசா, மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்," என்று அவள்தான் சொல்லி அனுப்பியிருக்கிறாள். இது எனக்குத் தெரியாது. பட்டம் என்ன ஆச்சு என்று அவள் கேட்டது, அவன் எழுதிக் கொடுத்தானா என்று தெரிந்துகொள்ளத்தான்.

"இல்லம்மா, கொடுத்துட்டேன், அக்காதான்..." என்று அவன் ஆரம்பிப்பதற்குள் அவளுக்குக் கண் செருகிவிட்டது. நர்ஸ் எங்களை வெளியே தள்ளினாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. பாவி நான்.

"திட்டல," என்றான் தம்பி அந்தப் பெண்ணிடம். "எழுதிக் கொடுக்கச் சொன்னதே அவங்கதான்."

"அப்ப நீங்க கொடுத்ததும் சந்தோஷப்பட்டிருப்பாங்களே சார்?"

அவன் கும்பிட்டுவிட்டு நகரப் பார்த்தான். தலைமையாசிரியை கைதட்டப் போனார். நான் எழுந்துவிட்டேன்.

"இல்லம்மா," என்றேன். "அவன் கொடுத்தது எங்கம்மாவுக்குத் தெரியாது. மறைச்சிட்டான்னு நினைச்சுட்டேதான் போனாங்க. பொய் சொல்லச் சொன்னது நான்."