பரங்கிப்பேட்டையில் முடிகிற கதை

எழிலனிடம் படிக்க ஒரு கதை கேட்டால் ஸ்டேஷன் பெயரும் சேர்ந்தே வரும். திருப்பாதிரிப்புலியூரில் நூலகர் வேலை, சிதம்பரத்தில் வீடு. இருபத்திரண்டு வருஷமாக மாலைப் பாசஞ்சரில்தான் படிப்பு. மாயாஜாலச் சிறுகதைகள் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு. எந்தத் தொகுப்பு கைக்கு வந்தாலும், பொருளடக்கத்தில் ஒவ்வொரு கதைக்கு நேராகவும், வண்டியில் அதைப் படித்து முடிக்கிற ஸ்டேஷனைப் பென்சிலால் எழுதிவைப்பார். பேசும் ஆமை, ஆலப்பாக்கம். கண்ணாடிக்குள் குடிபோனவள், கிள்ளை.

"ஆளப் பாத்தாப் போதும், எந்தக் கத ஒத்துவரும்னு சொல்லிடுவேன்" என்று பீற்றிக்கொள்வார். பெரும்பாலும் சரியாகவும் சொல்லித் தொலைப்பார். அதுதான் வினை.

அதே வண்டியில் வருகிறவள் இருசம்மாள். பகலில் மீன் கம்பெனி வேலை. சாயங்காலமானால் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் கிடக்கும் கணவர் அய்யனாரிடம் ஓடுவாள். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

"அவுருக்கு மாயக்கதன்னா உசுரு சார். பக்கத்துல குந்தி படிச்சிக் காட்டலாம்னு பாக்கறேன். நல்லதா ஒண்ணு குடுங்க."

எழிலன் யோசிக்கவே இல்லை. அவர் எடுத்த கதையில் சாவு வந்து ஒரு வீட்டு வாசலில் உட்கார்கிறது. வீட்டுக்காரி அதற்குக் கதை சொல்லத் தொடங்குகிறாள். கதை முடியும்வரை உள்ளே வரமாட்டேன் என்று சாவு வாக்குக் கொடுக்கிறது. பரங்கிப்பேட்டைக் கதை. சாவையே ஏமாற்றிய பெண் என்றுதான் அவருக்கு நினைவு. படித்துப் பதினைந்து வருஷமாகிவிட்டது. மறுபடி புரட்டிப் பார்க்காமலே கொடுத்தார்.

மறுநாள் இருசம்மாள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "கடசிப் பக்கத்துல அவளே கதைய முடிச்சிடறா சார். சாவு உள்ள பூந்துடுது. நா அத மட்டும் படிக்கல. இன்னும் இருக்குதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

 எழிலன் வேறு புத்தகம் தருவதாகக் கெஞ்சினார். அவள் வாங்கவில்லை. பதினோரு நாள் கதையைத் தானே இழுத்தாள். வாசலில் இருந்த சாவுக்குப் பசியெடுத்தது; வீட்டுக்காரி சங்கரா மீன் குழம்பு ஊற்றினாள். மழை வந்தது, குடை கொடுத்தாள். "இன்னிக்கி இன்னா சொல்றது சார்?" என்று வண்டியில் அவரைக் கேட்பாள். ஆயிரம் கதை படித்த மனுஷனுக்கு ஒரு வரி ஓடாது. 

பன்னிரண்டாம் நாள் அவள் வரவில்லை.

அடுத்த வாரம் திருப்பாதிரிப்புலியூர் பிளாட்பாரத்தில் நின்று, ஜன்னல் வழியாகப் புத்தகத்தை நீட்டினாள். கழுத்து வெறுமையாக இருந்தது. இனி அவள் சிதம்பரம் போக வேண்டியதில்லை.

"அவுரேதான் கேட்டாரு சார். 'போதும் புள்ள, முடிவு இன்னா, அதப் படி'ன்னாரு. படிச்சேன். லேசா சிரிச்சாரு. விடியறதுக்குள்ள போயிட்டாரு."

எழிலன் புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.

"நா படிக்காம இருந்திருந்தா, இன்னும் கொஞ்ச நாளு இருந்திருப்பாரா சார்?"

வெறும் கதைதானே என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த வெறும் கதையைப் பிடித்துக்கொண்டுதான் பதினோரு நாள் அவள் நின்றாள். அதையும் பிடுங்க அவருக்கு மனசு வரவில்லை. வேறு எதைச் சொன்னாலும் பழி அவள் தலையில் விழும். தப்பு தன்னுடையது என்றாவது சொல்லியிருக்கலாம்.

வண்டி நகர்ந்தது. பதிலுக்காக அவள் கூடவே நாலு எட்டு நடந்து வந்தாள், பிறகு நின்றுவிட்டாள்.

பரங்கிப்பேட்டை வந்தது, போனது. எழிலன் பொருளடக்கத்தைத் திறந்து, அந்தக் கதைக்கு நேரே பென்சிலால் எழுதியிருந்த ஸ்டேஷன் பெயரை அழித்தார்.