ஏழு பேர் நின்ற படம்

போன வருடம் ஒக்டோபர் மாதத்தில் மூன்று நாட்கள் என் அக்காவைக் காணவில்லை. அவள் காணாமல் போனதற்குக் காரணம் நான். கர்த்தர் செய்ததை மட்டும் சொல்லிவிட்டு நான் செய்ததை மறைத்தால் இது பாதிச் சாட்சியாகிவிடும். அதனால் என்னிடமிருந்தே தொடங்குகிறேன்.

நான் பதுளையில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். கொழும்பிலிருந்து வரும் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குப் பதினொரு வருடமாகச் செய்தி எழுதுகிறேன். அக்காவின் பெயர் ஜெயராணி. பசறைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், நாங்கள் பிறந்த அதே ஓரறைக் காம்பிராவில் தனியாக இருக்கிறாள். கொழுந்து எடுக்கிறாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன்.

அக்காவுக்கு ஒன்பது வயதில் மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு சரிந்து முகத்தின் இடது பக்கம் வெந்துபோனது. காதுக்குக் கீழிருந்து வாயோரம் வரை. எனக்கு அப்போது மூன்று வயது. அதற்கு முந்திய அவள் முகம் எனக்கு ஞாபகமில்லை.

சபையில் அவள் எப்போதும் இடது சுவரோரமாக உட்காருவாள். வெந்த கன்னம் சுவரைப் பார்த்திருக்கும். பஸ்ஸிலும் இடது பக்க ஜன்னல்தான். கலியாண வீடுகளில் போட்டோக்காரர் வந்தால் யாருடைய கைக்குழந்தையையாவது வாங்கிக்கொண்டு வெளியே போய்விடுவாள். ஒரு முறை நம் சபையிலேயே ஒருவர், "பொண்ணோட மாலைய நீ தொடாத ராணி, தப்பா நெனச்சுக்காத" என்று சொன்னார். சொன்னவர் நன்றாக ஜெபிக்கிறவர். லயத்தில் பிள்ளைகள் சாப்பிட மறுத்தால், "ராணிகிட்ட புடிச்சுக் குடுத்துருவேன்" என்று பயங்காட்டும் தாய்மார் இருந்தார்கள். அக்கா அதைக் கேட்டுக்கொண்டே தண்ணீர்க் குடத்தோடு அவர்களைக் கடந்து போவாள்.

அந்த ஒக்டோபர் தொடக்கத்தில் மலையில் குளவி கொட்டி இரண்டு பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கூடுகளை எடுத்துத் தரச் சொல்லிப் பல நாளாகக் கேட்டும் நடக்கவில்லை. அதை எழுதத்தான் நான் எங்கள் தோட்டத்துக்குப் போனேன். தேயிலைக்கு நடுவில் பெண்களை வரிசையாக நிற்கச் சொன்னேன். ஆறு பேர் நின்றார்கள். அக்கா கூடையைச் சரிசெய்வதுபோல் தள்ளி நின்றாள்.

அவளோடு ஒரே நிரையில் கொழுந்து எடுக்கும் புஷ்பம் விடவில்லை. "வாடி ராணி. ஒந் தம்பிதானே புடிக்கிறான். பொண்ணு பாக்க வந்த மாதிரி என்னா ஒளியிற?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா வந்து கடைசியில், புஷ்பத்துக்குப் பக்கத்தில் நின்றாள். முதலில் முகத்தைத் திருப்பியிருந்தாள். நான் போனை உயர்த்தியபோது நேராகப் பார்த்தாள். சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் வெளிச்சத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கிழம பேப்பர்ல வரும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பதுளைக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே படத்தின் ஓரத்தை வெட்டினேன். வரிசை நீளமாக இருக்கிறது, பத்திரிகைப் பத்திக்குள் அடங்காது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. படத்தைப் பார்க்கிற கொழும்பு ஆட்கள் யார் இது என்று கேட்பார்கள், யாராவது ஒருவன் அது அருள்தாஸின் அக்கா என்று சொல்வான் என்று நினைத்தேன். வெட்டிய படத்தை அனுப்பினேன். முழுப் படத்தை அழித்தேன். போனில் இடமில்லாததால் அப்படி அழிப்பது என் பழக்கம்.

அவள் பேப்பர் பார்க்க மாட்டாள் என்றும் நினைத்தேன். அவளோ லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஆராதனைக்கு வரவில்லை என்பது எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலை புஷ்பம் போன் எடுத்தாள். "தம்பி, ஒங்கக்கா ஒங்ககிட்ட வந்தாளா? நேத்து காலையில பேப்பர் வாங்கப் போனவ. வீடு பூட்டிக் கெடக்கு. இன்னிக்குப் பெரட்டுக்கும் வரல."

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் அந்தப் பெரட்டுக்கு அக்கா இருபது வருடமாகத் தவறியதில்லை. காய்ச்சலோடும் போயிருக்கிறாள். அவள் போனுக்கு அழைத்தேன். பூட்டிய காம்பிராவுக்குள் அது அடிப்பதைப் புஷ்பம் வெளியே நின்று கேட்டிருக்கிறாள்.

பசறையில் பேப்பர் விற்கும் கடைக்கு முதலில் போனேன். கடைக்காரருக்கு அக்காவை ஞாபகமிருந்தது. ஒரே பேப்பரில் நாலு பிரதி வாங்கினாளாம். "இங்கயே நின்னு விரிச்சுப் பாத்தாங்க. இந்தப் படம் வேற பக்கத்துலயும் இருக்குமான்னு கேட்டாங்க. இல்லம்மா, இது மட்டுந்தான்னேன். அப்புறமும் போகல. படத்துல ஒரு எடத்துல வெரல வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாங்க. பொறகு பதுள பஸ்ஸுல ஏறிட்டாங்க."

வேறு பக்கத்தில் இருக்குமா என்று அவள் கேட்டதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

பொலிஸில் முறைப்பாடு எழுதிய அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். போட்டோ இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். இருக்கவில்லை. அடையாள அட்டையை அவள் கையோடு கொண்டுபோயிருந்தாள். தோட்டத்து ஆபீஸில் கிடைத்த பிரதியில் முகம் இருக்க வேண்டிய இடம் கறுப்பாக இருந்தது. உயரம் என்ன என்று கேட்டார். தெரியவில்லை. என்ன நிறச் சேலை? புஷ்பத்துக்கு போன் செய்து கேட்டுச் சொன்னேன். அடையாளம் ஏதாவது? அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. முகத்தின் இடது பக்கத்தில் நெருப்புக் காயத் தழும்பு. முப்பது வருடத்துக்கு மேலாக வீட்டில் நாங்கள் யாரும் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் முதல் தடவையாக அதை ஒரு பொலிஸ் புத்தகத்தில் எழுதுவதற்காகச் சொன்னேன், அதுவும் வேற்று மொழியில்.

ஊரில் யார் செத்தாலும், காணாமல் போனாலும், வயது என்ன, உயரம் என்ன, உடுத்திய உடுப்பு என்ன என்று கேட்டு எழுதுகிறவன் நான்.

திங்கள் முழுவதும் பதுளையில் தேடினேன். பஸ் நிலையம், ரயில் நிலையம், தெரிந்த சபைகள். ரயில் பாதையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தேன். எதைத் தேடி அங்கே நடக்கிறேன் என்று உணர்ந்ததும் திரும்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலையும் அப்படியே போனது. மத்தியானம் பஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்தேன். இனி எங்கே போவது என்று தெரியவில்லை.

அங்கே ஜெபித்தேன். முந்திய நாள் முழுவதும் ஜெபித்திருந்தேன்தான். அக்காவைப் பாதுகாத்தருளும், வழிநடத்தும் என்று, சபையில் நாம் சொல்கிற நல்ல வார்த்தைகளில். அன்றைக்கு அந்த வார்த்தைகள் வரவில்லை. "ஆண்டவரே, அவளை வெட்டினது நான். படம் நீளம் என்று சொன்னது பொய். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளைத் திருப்பித் தாரும்." இவ்வளவுதான். வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன் போல. பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா தன் பையைத் திறந்து, தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

ஜெபித்த உடனே போன் அடித்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து, நான் நம்பிக்கையற்று அறைக்குப் போகிற வழியில்தான் அடித்தது. யாழ்ப்பாணத் தமிழில் ஒரு பெண் குரல்.

"நீங்கள் பேப்பரிலை எழுதிற அருள்தாஸோ? நான் ஆஸ்பத்திரியிலை இருந்து நேர்ஸ் கதைக்கிறன். பயப்பிடாதேங்கோ. உங்கட அக்கா இஞ்சதான் நிக்கிறா. அவவுக்கு ஒண்டுமில்லை."

நான் அறைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினேன்.

நம்பர் எப்படிக் கிடைத்தது என்று பிறகுதான் கேட்டேன். அவர் சொன்னார்: "தன்னைத் தேட ஆக்கள் இல்லையெண்டு சொன்னவ. பிறகு பாத்தா வாட்டிலை எல்லாருக்கும் ஒரு பேப்பரைக் காட்டுறா, இது என்ர தம்பி எழுதினது எண்டு. அப்ப தேட ஆள் இருக்குத்தானே? பேப்பர் கந்தோருக்குப் போன் எடுத்து உங்கட நம்பரைக் கேட்டனான்."

சின்ன வயதில் அக்கா ஏழு மாதம் படுத்திருந்தது பதுளை ஆஸ்பத்திரியில்தான். தீக்காயம் பட்டவர்கள் இருக்கும் அந்த இடத்தில் மட்டும் யாரும் தன்னை உற்றுப் பார்த்ததில்லை என்று அவள் ஒரு காலத்தில் சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் நேரே அங்கே போய் வெளி வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள். அங்கே மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு தாய் அழுதுகொண்டு நின்றிருக்கிறார். அவருடைய ஏழு வயது மகள் திவ்யாவுக்கு முகத்தில் சுடுதண்ணீர் கொட்டிவிட்டது. வீட்டில் பால்குடிப் பிள்ளை. இங்கே துணைக்கு வேறு ஆளில்லை. "நான் இருக்கேன், போயிட்டு வாங்க" என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

வாசலில் வைத்து நேர்ஸ் இன்னொன்றும் சொன்னார். அந்தப் பிள்ளை இரண்டு நாளாக ஒருவருக்கும் வாய் திறக்கவில்லையாம். "உங்கட அக்காவின்ர கன்னத்தைத் தடவிப் பாத்திட்டுத்தான் பாலைக் குடிச்சவ."

நான் வாட்டுக் கதவருகில் நின்றேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இடது பக்கம் வாசலைப் பார்த்திருந்தது. ஆட்கள் வந்து போகிற பக்கம் அந்தக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மடியில் பேப்பர். கட்டுப் போட்ட முகத்தோடு அந்தப் பிள்ளை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுல நீங்க எங்க பெரியம்மா?"

"இந்தா, இந்த அக்கா தோள்ல ஒரு கை இருக்கு பாத்தியா? அதுதான் நான்."

"மொகம்?"

"பேப்பர்ல எடம் பத்தல."

நான் வெட்டிய படத்தை அதுவரை நான் சரியாகப் பார்த்ததில்லை. புஷ்பத்தின் தோளில் அக்காவின் நான்கு விரல்கள் தங்கியிருந்தன. கடைக்காரர் சொன்ன இடம் அதுதான்.

நான் கிட்டே போய், "அக்கா, எடம் இருந்துச்சு. நான்தான் வெட்டுனேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள். பேப்பரை நான்காக மடித்தாள். "வெளியாளுங்க மொகத்தத் திருப்பிக்குவாங்க. அது பழகிப் போச்சுடா. நீயும் செய்வேன்னு நெனக்கல."

அழவில்லை. திட்டவில்லை. பிள்ளைக்குப் பால் ஆறுகிறது என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். என் ஜெபம் கேட்கப்பட்டிருந்தது. அக்கா உயிரோடு, மூன்றடி தூரத்தில் இருந்தாள். ஆனாலும் அந்த மூன்றடியைத் தாண்ட என்னால் முடியவில்லை.

திவ்யா வீட்டுக்குப் போகும்வரை, பதினெட்டு நாள், அக்கா அங்கேயே இருந்தாள். நான் தினமும் சாப்பாடு கொண்டுபோனேன். வாங்கிக்கொள்வாள். அதிகம் பேசமாட்டாள். கடைசி நாள் அந்தத் தாய் வந்து, பிள்ளையும் அக்காவும் சேர்ந்து ஒரு படம் வேண்டும் என்று கேட்டார். அக்கா மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. அந்த அம்மா தன் போனை என் கையில் கொடுத்தார். பிள்ளையின் முகத்தில் இப்போது கட்டு இல்லை. தோல் சிவந்திருந்தது. இருவரும் கன்னத்தோடு கன்னம் வைத்து நேராகப் பார்த்தார்கள். இந்த முறை நான் வெளிச்சத்தைக் கவனிக்கவில்லை. அக்கா சிரித்தாள். அவள் சிரிக்கும்போது இடது வாயோரம் மேலே ஏறாது. அதை அன்றைக்குத்தான் கண்டேன்.

இப்போது அக்கா பழையபடி பெரட்டுக்குப் போகிறாள். சபையில் இன்னும் சுவரோரம்தான். ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், துணையில்லாத பிள்ளைகள் பக்கத்தில் இருக்க. நானும் போகிறேன். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காருகிறேன். ஒரு தடவை, உன்னை ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம் தம்பி" என்றாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது, வீட்டில் ஒருவரை ஓரமாக நிறுத்தியது மனதில் இருந்தால், ஆண்டவரிடம் போங்கள். பழகிய வார்த்தைகளை விட்டுவிட்டு, செய்ததைச் செய்ததாகவே சொல்லுங்கள். அவர் கேட்கிறார். நான் கேட்டது அக்காவை. அவளைத் தந்தார். அவள் மனதில் நான் வெட்டிய இடம் ஆறுவதற்கு நாளாகும். அதற்காகவும் தினமும் கேட்கிறேன், அவர் தருவார் என்றே கேட்கிறேன்.

அக்கா சிரிக்கிற அந்தப் படம் என்னிடம் இல்லை. மடுல்சீமையில் ஒரு தாயின் போனில் இருக்கிறது. அனுப்பச் சொல்லிக் கேட்டால் அனுப்புவார். அக்காவே வாங்கித் தரட்டும் என்று காத்திருக்கிறேன்.