பாட்டு தடுக்கிய இடம்

அமெரிக்காவில் ஃபார்கோ நகரத்துப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த லவான் ஹால்வர்சன், செய்யாத தப்பைத் தலையே போனாலும் ஒப்புக்கொள்ள மாட்டாள். "எங்கள் பாட்டுகளை இன்டர்நெட்டில் ஊருக்கெல்லாம் வாரி இறைத்திருக்கிறாய், சமாதானமாகப் போய்விடலாம்" என்று இசைக் கம்பெனி தூது விட்டபோது, போய் வேறு வேலையைப் பார் என்றுவிட்டாள். தோற்றால் வீடு கைவிட்டுப் போகும். தெரிந்தேதான் கோர்ட் ஏறினாள்.

அவளுடைய வக்கீல் பிரவுட்டி கெட்டிக்காரர். கம்பெனி சாட்சியமாகக் காட்டியதோ, அவள் கம்ப்யூட்டரில் இருந்ததாகச் சொன்ன வெறும் பாட்டுப் பெயர்கள்.

"டப்பா மேல சர்க்கரைன்னு எழுதியிருந்தா உள்ள இருக்கிறது சர்க்கரை ஆயிடுமா? இது சாட்சியமே இல்லீங்க ஐயா" என்று அடித்துப் பேசினார்.

"அவங்க கம்ப்யூட்டர்லேர்ந்து நாங்க இறக்கின பாட்டே இருக்கு. போட்டுக் காட்டுறோம்" என்றாள் கம்பெனி வக்கீல்.

பிரவுட்டி ஆட்சேபிக்க எழுந்தார். லவான் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "போடட்டும் சார்! எனக்கென்ன பயம்?"

நீதிபதி தலையாட்டினார். பாட்டு ஓடியது. தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்த ஜூரியில் ஒருவர் கொட்டாவி விட்டார். இரண்டாம் சரணத்தில் பாட்டு தடுக்கி, ஒரு வரி பின்னால் போய் விழுந்தது.

தட், தட்!

மூன்றாம் வரிசையில், லவானுக்குத் துணையாகச் சிவப்புச் சட்டையில் வந்திருந்த தோழிகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தரையை உதைத்தார்கள். உதைத்த பிறகுதான் வாயைப் பொத்தினார்கள்.

ஐயோ, வேண்டுமென்றா செய்தார்கள்! செவ்வாய்க்கிழமை தோறும் அவர்கள் பந்துருட்டி விளையாடும் பௌலிங் கூடத்தில் லவானின் சிடிதான் ஓடும். கார் கதவில் நசுங்கிக் கீறல் விழுந்த சிடி. அது தடுக்கும் இடத்தில் காலை உதைக்காதவள் எல்லாருக்கும் பீர் வாங்கித்தர வேண்டும். வருஷக்கணக்கான பழக்கம், கால் கேட்குமா?

லவானுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. தோழிகளுக்குப் பிரதி எடுக்க அந்த சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டது அவளேதான். பாட்டு கேட்க அவள் ஏற்றிவைத்த புரோகிராம், உள்ளே இருந்ததையெல்லாம் உலகத்துக்குத் திறந்துவிட்டிருக்கிறது. பாவி, அதை யார் அவளுக்குச் சொன்னார்கள்?

கம்பெனி வக்கீல் மெல்லத் திரும்பினாள். "அந்தச் சிவப்புச் சட்டை அம்மாக்கள்ல ஒருத்தர விசாரிக்கணும் ஐயா." பிரவுட்டி கத்தியும் பலனில்லை. லவானோடு பள்ளியிலிருந்தே பழகிய பெர்னடீன் கூண்டேறிச் சத்தியம் செய்தாள்.

"இந்தப் பாட்டு இதே இடத்துல தடுக்கி எங்க கேட்டிருக்கீங்க?"

பெர்னடீன் அழுதேவிட்டாள். "அடியே லவான், நான் என்னடி சொல்லட்டும்?"

"உள்ளதச் சொல்லு பெர்னி."

"பந்துருட்டுற இடத்துல. இவளோட சிடியில. வேற எங்கயும் இல்ல."

பிரவுட்டி சும்மா இருக்கும்படி லவானின் கையை அழுத்தினார். அவளுக்கு அது உறைக்கவே இல்லை. ஜூரி காதில் விழ, வாய்விட்டே கேட்டாள்.

"அப்ப நான்தானாடி, பெர்னி?"